நாலாயிரம் ரூபாய் ரேஸ் சைக்கிள் குன்னூர் மலைக்கு ஆகுமா?

மலிவு விலையில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடைக்கிறது என்றால் சமவெளிக்காரர் எத்தனை கியர், எவ்வளவு எடை என்று விசாரிப்பார். குன்னூரில் இருக்கிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அது நிற்குமா என்பதைத்தான். ஏற முடியாத சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். நிற்காத சைக்கிளோடு மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறு வளைவுகளில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? 12.5 அடிக்கு ஓர் அடி ஏறுகிற நம் மலை ரயிலில் இன்றைக்கும் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். இந்த மலையில் சக்கரம் வைத்து ஓடும் எதுவானாலும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

வாங்க ஆசைப்பட்டவன் என் அக்கா மகன். அருவங்காட்டில் வீடு, ஊட்டி அரசுக் கல்லூரியில் படிப்பு. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் வருகிறவர்களின் சைக்கிள்களைச் சாலையோரம் நின்று பார்த்ததிலிருந்து அவனுக்கு வளைந்த ஹேண்டில்பாரின் மேல்தான் கண். அந்த சைக்கிள்களின் விலைக்கு இங்கே நல்ல பழைய ஜீப்பே வாங்கலாம். வெலிங்டனில் ஒருவர் மாற்றலாகிப் போகிறார், ஒரு ரேஸ் சைக்கிளை 6,000 ரூபாய்க்குத் தருகிறார் என்று கேள்விப்பட்டதும் நேரே என்னிடம் வந்தான். நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் வைஸ் இருக்கிறது, சைக்கிள் வேலையில் பழக்கமும் உண்டு. "மாமா, நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள், போதும்" என்றான்.

பார்க்கப் போகும்போது பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம், நாலு மீட்டர் நூல், ஒரு இரும்பு ஸ்கேல், ஸ்பேனர்கள், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இவற்றைப் பையில் போட்டுக்கொண்டேன். மலிவு சைக்கிளில் பெயின்ட்டும் ஸ்டிக்கரும் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம்தான் போகும்.

முதலில் ஃபிரேம். ஹேண்டில்பார் குழாய்க்குப் பின்னால், மேல் குழாயும் கீழ்க் குழாயும் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். முன்பக்கம் எதிலாவது மோதிய சைக்கிளாக இருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் மெல்லிய அலையாக மடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு நூல் சோதனை. பின் சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன் குழாயைச் சுற்றி மறுபக்க அச்சு இடத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பின்பகுதி கோணவில்லை என்று அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான் காட்டியது. இந்த விலை சைக்கிளுக்கு அது மிக நன்று. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் பக்கவாட்டில் நின்று பார்த்தேன், பின்னால் மடங்கவில்லை.

அடுத்தது காந்தம். ஃபிரேமில் டக்கென்று ஒட்டியது. ஃபிரேம் இரும்பு, அதில் தப்பில்லை. ரிம்மில் ஒட்டவில்லை, அது அலுமினியம். அங்கே ஒட்டியிருந்தால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருப்பேன். மெருகு பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை அதில் வழுக்கிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் அந்தச் சக்கரத்தை நம்பி ஒரு பையனை அனுப்ப முடியாது. ரிம்மை மாற்றலாமே என்றால், ரிம், கம்பி, கோர்க்கும் கூலி எல்லாம் சேர்ந்து சைக்கிள் விலையைத் தாண்டிவிடும்.

சீட் தண்டு மேலும் கீழும் நகர்கிறதா, ஹேண்டில்பார் தண்டு கழன்று வருகிறதா என்பதையும் அங்கேயே ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். இதைப் பலர் பார்ப்பதில்லை. ஈரக் காற்றில் வருடக்கணக்கில் நின்ற சைக்கிளில் தண்டு குழாயோடு இறுகிப்போயிருக்கும். அலுமினியத் தண்டும் இரும்புக் குழாயும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. ஓட்டுகிறவன் உயரத்துக்கு சீட்டை வைக்க முடியாத சைக்கிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இதில் இரண்டும் முனகிக்கொண்டே வந்தன.

பிறகு குறைகள். பின் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றது. ஹேண்டில்பார் திரும்புவதற்காக முன் குழாயில் இருக்கும் ஹெட் செட் கிண்ணங்களில் பால்ரஸ் குழி தோண்டியிருக்கிறது. செயினை ஸ்கேலால் அளந்தேன். கண்ணி அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். இது எட்டில் ஒரு பங்கைத் தொட்டிருந்தது. டயர் இரண்டும் பக்கவாட்டில் வெடித்துக் கிடந்தன. தராசு 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

பிரேக்கில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தகட்டை மடித்துச் செய்த மெல்லிய பிரேக் கைகள். லீவரைப் பிடித்தால் கட்டை ரிம்மை அழுத்துவதற்கு முன்பே அந்தக் கைகள் வளைந்தன. அதைவிட மோசம், முன் பிரேக் கட்டைகள் இடம் வலம் மாறியிருந்தன. அந்தக் கட்டை உட்காரும் தகட்டுக் கூட்டில் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். சக்கரம் சுற்றும்போது பிரேக் இருக்கும் இடத்தில் ரிம் முன்னோக்கித்தான் ஓடுகிறது. பிடித்ததும் ரப்பரையும் தன்னோடு முன்னால் இழுக்கும். அதனால் மூடிய முனை முன்னால் இருந்தே ஆக வேண்டும். இதில் திறந்த முனை முன்னால் இருந்தது. பலமாக ஒரு முறை பிடித்தால் ரப்பர் வழுக்கி வெளியே வந்து விழுந்துவிடும், வெறும் தகடுதான் மிஞ்சும். விற்கிறவரிடம் அதைக் காட்டினேன். "சார், நான் கேன்டீன் வரைக்கும் சமதளத்தில்தான் ஓட்டினேன்" என்றார் பதறிப்போய். நல்ல மனிதர். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சைக்கிள் இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய் அந்தக் கூட்டைப் பார்த்துவிடுங்கள்.

அங்கேயே உட்கார்ந்து கியர் கணக்கும் போட்டேன். முன்னால் 52, 42 பல் வளையங்கள். பின்னால் ஏழு பல்சக்கரம், மிகச் சிறியது 14, மிகப் பெரியது 28. மிக லேசான கியர் 42-க்கு 28, அதாவது ஒன்றரை. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்தால், மிதியை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 3.15 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல். நூற்றுக்கு எட்டு மீட்டர் ஏறும் இடத்தில், பையன், பை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து 77 கிலோவை அந்த வேகத்தில் தூக்க சுமார் 190 வாட் சக்தி வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 200 தாண்டும். பழக்கமில்லாத 60 கிலோ உடம்பு அதை ஓரிரு நிமிடம் கொடுக்கும், ஊட்டி போகும் வழியில் எல்லநள்ளி வரை கொடுக்காது. முன் வளையங்கள் ரிவெட் அடித்தவை, கழற்றிச் சின்னது போட வழியில்லை. பின்னால் 34 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு வேகம் ஒன்பதரைக்குக் கீழே இறங்குகிறது, தேவைப்படும் சக்தியும் கிட்டத்தட்ட 155 வாட்டுக்கு வருகிறது. அது அவனுக்கு முடியும்.

ஆக ஃபிரேம், ஃபோர்க், ரிம் மூன்றும் சரி, மற்ற எல்லாம் தப்பு. இது வாங்கத் தகுந்த நிலை. திருகிக் கழற்றக்கூடிய எதையும் மாற்றிக்கொள்ளலாம். எலும்புபோல் இருப்பவை கெட்டிருந்தால்தான் பணம் பாழ். ஆனால் மாற்றுகிற பாகத்தின் விலையை வாங்குகிற விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். 6,000 என்றால் வேண்டாம், 4,000 என்றால் இப்போதே எடுத்துக்கொள்கிறோம் என்று பட்டியலைக் காட்டிச் சொன்னேன். அவரும் பிரேக் கட்டையைப் பார்த்த அதிர்ச்சியில் மறுபேச்சு பேசவில்லை.

வேலையைப் பின் சக்கரத்தில் தொடங்கினேன். பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியை வைஸில் இறுக்கிப் பிடித்து, மேலே சக்கரத்தை உட்காரவைத்து, ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் ரிம்மைத் திருப்பினால் கழன்றுவரும். அச்சை எடுத்து ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினேன். உருளும்போது நடுப்பகுதி ஏறி இறங்கியது. இந்த வகைச் சக்கரத்தில் இது வழக்கமான நோய். வலப்பக்கப் பால்ரஸ் பல்சக்கரத்துக்கு உள்பக்கமாக வெகுதூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஃபிரேமுக்கும் பால்ரஸுக்கும் நடுவே தாங்கல் இல்லாமல் அச்சு நீண்டு நிற்பதால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியிலும் அங்கேதான் வளைகிறது. வலப்பக்கக் கோன், அதாவது பால்ரஸ் உருளும் கூம்பு நட்டு, அதன் மேல் நகக்கண் அளவுக்குக் குழிகள். குன்னூர் சைக்கிள் கடையில் கருப்புச் சைக்கிளுக்கான அச்சு எப்போதும் இருக்கும், ஆனால் அதன் மறை இதற்கு ஏறாது. பழைய அச்சையும் கோனையும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய்த்தான் வாங்கிவந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், மலையில் இருப்பவர் பாகத்தின் விலையோடு பஸ் டிக்கெட்டையும் ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதற்காக.

மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலப் பால்ரஸ் அடுக்கினேன். கோனை முறுக்குவது காதும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை. ஆட்டம் தெரியக் கூடாது, அச்சை விரலால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் உரசவும் கூடாது. பூட்டு நட்டை இறுக்கும்போது கோன் கொஞ்சம் கூடவே நகரும், அந்தக் கொஞ்சத்தை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். பிறகு கம்பிகளைச் சோடி சோடியாகப் பிடித்து அழுத்தி, தளர்ந்ததற்குக் கம்பி முனையின் நிப்பிளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்து கோட்டம் எடுத்தேன்.

14 முதல் 34 வரை உள்ள ஏழு பல்சக்கரத்தில் ஒரு குறை இருக்கிறது. 14, 16, 18, 20, 22, 24 என்று படிப்படியாகப் போய், அங்கிருந்து ஒரே தாவாக 34. மாற்றும்போது கால் திடீரென்று காற்றில் சுற்றும். நாம் அதை ஏற்றத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தப் போகிறோம், பழகிவிடும். செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர், பழையது குட்டைக் கை உள்ளது, 34 பல்லோடு செயினை இழுத்துப் பிடிக்காது. நீளக் கை உள்ள ஒன்றை மாட்டினேன். கியர் லீவர் கிளிக் இல்லாத பழைய வகை என்பதால் எந்தப் பல்சக்கரத்தோடும் சேர்ந்துகொண்டது. செயினை முன்னால் பெரிய வளையம், பின்னால் பெரிய பல்சக்கரம் இரண்டின் மேலும் நேராகச் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டினேன். அவன் தெரியாமல் அந்த இரண்டையும் சேர்த்துப் போட்டால்கூடச் செயின் இறுகி எதையும் பிய்க்கக் கூடாது.

பிரேக்குக்கு அவசரப்படவே இல்லை. வாங்குவதற்கு முன், நடு போல்ட்டிலிருந்து ரிம்மின் பக்கவாட்டு வரை அளந்தேன், 54 மி.மீ. இப்போதைய ரேஸ் சைக்கிள்களுக்கு வரும் பிரேக் பெரும்பாலும் 39 முதல் 49 மி.மீ. வரைதான் எட்டும். 47 முதல் 57 வரை எட்டும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் நட்டுப் பூட்டும் நீள போல்ட் உள்ளதாக இருக்க வேண்டும், ஃபிரேமுக்குள் புதைந்து பூட்டும் வகை இந்த ஓட்டைக்கு ஆகாது. இரண்டு இடத்தில் அச்சு கொண்ட அலுமினியக் கைகள் கிடைத்தன. ஹேண்டில்பாரின் மேற்பகுதியிலிருந்து பிடிப்பதற்காக வைத்திருந்த கூடுதல் பிடிகளைக் கழற்றி, நீட்டிக்கொண்டிருந்த பின்னை ரம்பத்தால் அறுத்து அரம் போட்டேன். பார்க்க வசதியாகத் தெரியும் அந்தப் பிடிகளை முழுதாக அழுத்தினாலும் பிரேக் பாதிதான் பிடிக்கும். இறக்கத்தில் பையனின் கை பழக்கத்தில் அங்கே போய்விடக் கூடாது.

கேபிளும் உறையும் புதிது. உறையை வெட்டிய முனையை அரத்தால் சமப்படுத்தினால்தான் பிடிக்கும்போது அமுங்காது. கட்டை டயரைத் தொடாமல், ரிம்மின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே முழுதாகப் படிய வேண்டும். கட்டையின் பின் முனையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு போல்ட்டை இறுக்கினேன். முன் முனை முதலில் தொடும், கீச்சிடாது. ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அதன் பிறகு வாசல் சரிவில் ஒரு மக்கு தண்ணீரை ரிம்மில் ஊற்றி, சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் நடந்துகொண்டே முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன். ஈர ரிம் ஒரு கணம் வழுக்கிப் பிறகு கவ்வியது, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. எனக்கு அது போதும்.

ரிம்மையும் கட்டையையும் பற்றி இத்தனை கவலைப்படுவது எதற்கு என்று அவன் கேட்டான். கணக்கைச் சொன்னேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். எண்பது கிலோ எடை 1,500 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 11.8 லட்சம் ஜூல் வெளியே வர வேண்டும். மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. வேகமாகப் போனால் காற்று அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். லாரிக்குப் பின்னால் மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பெரும்பாலானது இரண்டு ரிம்முக்குள் போகிறது. உள்ளே காற்று சூடாகி டியூப் வெடிப்பது அப்படித்தான். இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல் நன்றாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, நடுநடுவே நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 ஊசிமுனை வளைவுகளுக்கு இந்த சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன்.

டயர் 25 மி.மீ. அகலத்துக்குப் பதில் 28 போட்டேன், பிரேக்குக்கு அடியில் இடம் இருந்தது. அவன் எடைக்கு 80 பவுண்டு காற்று போதும். தேயிலை லாரிகள் கிழித்த சாலைக்கும், யூக்கலிப்டஸ் இலை ஊறிக் கிடக்கும் வளைவுக்கும் அகலம் உதவுகிறது.

பிரேக், கட்டை, கேபிள் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் அளவில் ஆயிற்று. டயர், டியூப் இன்னொரு 2,000. பல்சக்கரம், டீரெய்லர், செயின், அச்சு இவை 2,500-ஐ நெருங்கின. சைக்கிள் விலையோடு கூட்டினால் 10,500. என் கூலி இதில் இல்லை. கடையில் கொடுத்துச் செய்திருந்தால் இன்னும் ஏறும், அப்போது நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர், தெரிந்தவர் துணையும் இல்லாதவர், அதே பணத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் நேர் ஹேண்டில்பார் சைக்கிளைப் பழையதாக வாங்குவது நல்லது. லேசான கியரும் உறுதியான பிரேக்கும் அதில் ஏற்கெனவே இருக்கும்.

புதிதாகவே எட்டு, ஒன்பதாயிரத்துக்கு வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள் அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு வருகிறதே என்று அக்கா கேட்டார். பக்கத்து வீதியில் ஒருவர் அப்படி வாங்கியதைப் பூட்டிக் கொடுத்தது நான்தான். கோன்களில் கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது, கம்பிகள் பாதி தளர்ந்திருந்தன, பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. எடை 16 கிலோவைத் தாண்டியது. வெலிங்டன் சைக்கிளுக்குச் செய்த வேலையில் பாதியை அதற்கும் செய்ய வேண்டியிருந்தது, செய்த பிறகும் அந்த ஃபிரேம் இதற்கு ஈடில்லை.

பையன் இப்போது சனிக்கிழமைகளில் அருவங்காட்டிலிருந்து லவ்டேல் வரை போய்த் திரும்புகிறான். லவ்டேல் ஏற்றத்தில் 34 பல்லில் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான், குரலில் மூச்சு இரைந்தது. ஹெட் செட் பள்ளம் இன்னும் இருக்கிறது. வேகத்தில் கையை லேசாக நேர்ப்பக்கம் இழுக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கோவையில் கிண்ணங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அவை வரும் வரை குன்னூருக்குக் கீழே இறங்குவதில்லை என்று அவனிடம் பேசிவைத்திருக்கிறேன்.